சாட்சி சொன்ன விசிறி

சாட்சிக் கூண்டில் எத்தனையோ விதமான சாட்சிகள் ஏறியிருக்கிறார்கள். கண்ணால் கண்டவர்கள், காதால் கேட்டவர்கள், கண்டதாகவும் கேட்டதாகவும் சொல்லும்படி கற்பிக்கப்பட்டவர்கள் என்று அவர்களில் பல ரகம் உண்டு. ஆனால் ஒரு விசிறி சாட்சிக் கூண்டில் ஏறி, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் மீது குற்றம் சாட்டிய வழக்கை நாம் சென்ற மே மாதத்தில்தான் முதன் முதலாகக் கண்டோம். வழக்கை விசாரித்தவர் அந்தப் பெண்ணின் தகப்பனாரே. தீர்ப்பும் எழுதி முடித்து விட்டார். அப்பீல் மட்டுமே நம்மிடம் வந்தது.

நமது நண்பர் ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவர். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் இராத்தூக்கம் வராத சுபாவம். அவருடைய ஏக புத்திரி சென்னையில் கட்டிடக் கலைக் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். கட்டிடங்களை நாற்புறமும் சுற்றிப் பார்ப்பது போல் கம்ப்யூட்டர் திரையில் வரைய வேண்டுமானால், சக்தி வாய்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்று அவசியம். அத்தகைய கார்டு உள்ள மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றைக் கடைகளில் 'கேமிங் லாப்டாப்' என்ற பெயரிட்டே விற்கிறார்கள். நண்பர் கடன் வாங்கி, லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து, அப்படி ஒன்றை வாங்கினார். யந்திரத்தின் மேல் அவருக்கு யாதொரு குறையும் இல்லை. 'கேமிங்' என்ற அந்த ஒரு வார்த்தைதான், வாங்கிய தினத்திலிருந்தே அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கொண்டிருந்தது. விளையாட்டு என்று பெயர் வைத்தவன் படிப்புக்காகவா செய்திருப்பான் என்பது அவர் கட்சி.

இந்த நிலைமையில், ஒரு நாள் இரவு சுமார் 2 மணிக்கு அவருக்கு விழிப்புக் கொடுத்தது. பெண்ணின் அறையிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சப்தம், பிரஷர் குக்கரில் ஆவி பிடிப்பது போல் வந்து கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். பெண் போர்த்திக் கொண்டு படுத்திருந்தாள். மேஜை மீது மடிக்கணினி; திரை இருண்டிருந்தது. ஆனால் விசிறி மட்டும் அமர்க்களப்பட்டது. நண்பர் 'மௌஸை' அசைத்தார். திரை வெளிச்சமாயிற்று. விளையாட்டு எதையும் காணோம். சற்று நேரத்துக்கெல்லாம் சப்தமும் அடங்கிவிட்டது.

மறு நாள் இரவும் அதே கதை. மூன்றாம் நாளும் அதே கதை. கேட்பானேன்? "நான் வருகிற காலடிச் சப்தம் கேட்டதும் விளையாட்டை மூடிவிட்டுப் போர்வைக்குள் புகுந்து கொள்கிறாள்" என்று நண்பர் முடிவு செய்துவிட்டார். யந்திரம் பீரோவுக்குள் போயிற்று. சாவி அவருடைய பூணூலில் ஏறாத குறைதான்.

பெண் அழுதாள், ஆணையிட்டாள். தாயார் பரிந்து பேசவே, நண்பர் மனம் சிறிது இளகி, ஒருவேளை யந்திரத்தில் கோளாறு இருக்குமோ என்று பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு எடுத்துக் கொண்டு போனார். கடைக்காரர் சப்தத்தைப் பற்றிக் கேட்டுக் கொண்ட மாத்திரத்தில், விசிறி போய்விட்டது, மாற்ற ரூ. 6,500 ஆகும், 'போர்டு' போயிருந்தால் அது வேறு கணக்கு என்று சொல்லிவிட்டாராம்.

"ஸார்! என் பெண் பொய் சொல்கிறாளா, கடைக்காரர் பொய் சொல்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டில் ஒன்று நிச்சயம்" என்றார் நண்பர்.

"மூன்றாவது ஒன்றும் இருக்கலாம். விசிறி சொன்னது மெய்யாகவே இருந்து, அதன் பாஷை நமக்குப் புரியாமல் இருக்கலாம் அல்லவா?" என்றோம் நாம்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். பெண் சிவந்த கண்களுடன் வந்து, "மாமா! நான் பதினோரு மணிக்கே படுத்து விடுகிறேன். இன்னும் பத்து நாளில் வரைபடங்களைக் கொடுத்தாக வேண்டும். அப்பா நம்ப மாட்டேன் என்கிறார்" என்றாள். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாள் நடுவே புகுந்து, "எங்கள் தாத்தா சொல்லுவார், வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டிலே பங்கா இழுக்கிறவன் தூங்கிப் போவானாம், விசிறி நின்று விடுமாம். இப்போது எல்லாரும் தூங்கினாலும் விசிறி மட்டும் தூங்க மாட்டேன் என்கிறது!" என்றாள்.

பாட்டியம்மாள் விளையாட்டாகச் சொன்ன அந்தப் பங்காக்காரனைப் பிடித்துக் கொண்டால், விஷயம் முழுவதும் விளங்கிவிடும் என்று நமக்குத் தோன்றியது.

பெட்டிக்குள் உள்ள அடுப்பு

மடிக்கணினிக்குள் புகும் மின்சாரத்தில், திரையின் வெளிச்சமாகவும் ஒலியாகவும் வெளியேறும் சொற்பம் போக, மற்றதெல்லாம் உஷ்ணமாகவே முடிகிறது. கூட்டல் கணக்குப் போட்டாலும் சரி, கோபுரம் வரைந்தாலும் சரி, முடிவில் மிஞ்சுவது உஷ்ணந்தான்.

1981-ஆம் வருஷத்தில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட பெர்ஸனல் கம்ப்யூட்டரில், பிராஸஸர் என்னும் மூளைச் சில்லுக்கென்று தனி விசிறி கிடையாது. மின்சாரம் வழங்கும் பெட்டியில் இருந்த விசிறியே போதுமாயிருந்தது. இன்றைய நிலைமை வேறு. 2023-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ-9 13980 எச்.எக்ஸ். என்ற மடிக்கணினிப் பிராஸஸர், முழு வேகத்தில் 157 வாட் வரை மின்சாரம் உண்ணும். அதே வருஷத்தில் வந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற மடிக்கணினி கிராபிக்ஸ் சில்லின் அளவு 150 வாட். இரண்டும் சேர்ந்து உழைக்கும்போது 200 வாட் என்பது சர்வ சாதாரணம். பழைய மாதிரிக் கூரை விசிறி ஒன்றுக்குச் சுமார் 75 வாட் வேண்டும். ஆகவே மூன்று கூரை விசிறிகளுக்குக் கிட்டத்தட்டப் போதுமான மின்சாரம், இரண்டு விரற்கடை கனமுள்ள ஒரு பெட்டிக்குள், தபால் தலை அளவுள்ள இடங்களில் உஷ்ணமாக மாறுகிறது. நண்பர் வாங்கியது இவ்வளவு பெரிய ரகம் அன்று. ஆனாலும் குலம் ஒன்றுதான்.

இந்த உஷ்ணத்தை வெளியேற்றும் ஏற்பாடு மிகவும் ரஸமானது. சில்லின் மேல் தட்டையான செப்புக் குழாய்கள் படிந்திருக்கின்றன. குழாய்க்குள் காற்றை நீக்கிவிட்டுச் சிறிதளவு நீரை விட்டு அடைத்திருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே ஆவியாகி, குழாயின் குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே உஷ்ணத்தை விட்டுவிட்டு மறுபடி நீராகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல், குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய துவாரங்கள் வழியாக அந்த நீர் திரும்பி வந்து சேருகிறது. 1963-இல் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிசாலையில் ஜார்ஜ் குரோவர் என்னும் விஞ்ஞானி செய்து காட்டிய குழாய் இது. விண்வெளிக் கலங்களுக்காகப் பிறந்த கருவி, இன்று நம் வீட்டு மேஜை மீது பாடப் புஸ்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

குழாயின் குளிர்ந்த முனையில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றின் ஊடே காற்றை ஊதித் தள்ளுவதே விசிறியின் வேலை. நீர் ஆவியாவதற்கும் திரும்புவதற்கும் யாருடைய உத்தரவும் வேண்டாம். அது இயற்கையின் காரியம். விசிறி சுற்றுவதற்கு மட்டும் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைக் கொடுப்பவன்தான் நமது பங்காக்காரன்.

பங்காக்காரனின் கணக்கு

மடிக்கணினிக்குள் பெரிய பிராஸஸரைத் தவிர, 'எம்பெடட் கண்ட்ரோலர்' என்ற சிறிய சில்லு ஒன்று தனியாக இருக்கிறது. பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது, விசைகளைக் கவனிப்பது, விசிறியை ஆட்டி வைப்பது ஆகிய சில்லறை உத்தியோகங்கள் இதைச் சேர்ந்தவை. கோர்ட்டில் பங்கா இழுத்த ஆள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பான். உள்ளே என்ன வழக்கு நடக்கிறது, வாதி யார், பிரதிவாதி யார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. இந்தச் சில்லும் அப்படியே. பெண் கோபுரம் வரைகிறாளா, விளையாடுகிறாளா, தூங்குகிறாளா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. உஷ்ணமானிகள் என்ன சொல்கின்றன என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

அதன் கையில், செய்தவர்கள் எழுதிக் கொடுத்த ஓர் அட்டவணை இருக்கிறது. உதாரணமாக, 55 டிகிரி வந்தால் விசிறியைக் கிளப்பு. 65 வந்தால் வேகத்தைக் கூட்டு. 48-க்கு இறங்கினால் நிறுத்து என்பது போல. கிளப்பும் உஷ்ணமும் நிறுத்தும் உஷ்ணமும் ஒன்றாக இராமல் நடுவே இடைவெளி விட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் 55-ஐ ஒட்டி உஷ்ணம் ஏறி இறங்கும் போதெல்லாம் விசிறி கிளம்புவதும் நிற்பதுமாகத் தொல்லை செய்யும். இடைவெளியைக் குறுக்கி வைத்துவிட்ட யந்திரங்களில் இந்தத் தொல்லையை நேரிலேயே கேட்கலாம்; ஆஸ்துமாக்காரர் மூச்சு விடுவது போல் நிமிஷத்துக்கு ஒரு முறை சப்தம் எழுந்து அடங்கும். விசிறியின் உடம்பில் ஒரு குறையும் இராது. அட்டவணை எழுதியவரின் பேனாவில்தான் குறை.

இன்னொரு விஷயம். நின்றிருக்கும் விசிறியை மெள்ள மெள்ளக் கிளப்ப முடியாது. அதன் சிறிய மோட்டார் சுற்ற ஆரம்பிப்பதற்கே ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. பல யந்திரங்களில் அது நிமிஷத்துக்குச் சுமார் 2000 சுற்று. ஆகவே முழு மௌனத்திலிருந்து விசிறி திடீரென்று குதித்துத்தான் எழும். அமைதியான அறையில் இந்தக் குதி காதில் விழுந்தே தீரும்.

வேகத்துக்கும் சப்தத்துக்கும் உள்ள சம்பந்தமும் தெரிந்து கொள்ளத் தக்கது. விசிறியின் வேகம் இரண்டு பங்கானால் அது தள்ளும் காற்றும் இரண்டு பங்காகும். சப்தமோ சுமார் 15 டெஸிபல் ஏறிவிடும். நமது காதுக்கு அது ஏறக்குறைய மூன்று பங்கு உரத்த ஓசை. ஆதலால், வேகமாகச் சுற்றி விட்டு நின்று போகும் விசிறியைக் காட்டிலும், நிற்காமல் மெதுவாகச் சுற்றிக் கொண்டிருக்கும் விசிறியே சில சமயம் வீட்டுக்கு உகந்தது. வேலையற்ற வேளையில் விசிறி மெல்ல ஓடிக் கொண்டிருப்பது நோய் அன்று. அப்படி ஓட வேண்டும் என்றே அநேக யந்திரங்களில் அட்டவணை எழுதியிருக்கிறார்கள்.

சும்மா இருப்பது சுலபமா?

"சரி, வேலை செய்யும் போது விசிறி ஓடட்டும். சும்மா இருக்கும் யந்திரத்துக்கு உஷ்ணம் ஏன் வருகிறது?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

திரையில் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் உள்ளேயும் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணுவது, சமையலறைக் கதவு சாத்தியிருப்பதால் சமையல் நடக்கவில்லை என்று எண்ணுவது போலாகும். சில்லுகளுக்கு உறக்கத்தில் பல படிகள் உண்டு. ஆழ்ந்த உறக்கத்தில் அவை மிகச் சொற்பமான மின்சாரமே உண்ணும். ஆனால் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கும் நிரல், விஷக் கிருமிகளைத் தேடும் நிரல், திரையில் நகரும் சித்திரத்தைக் காட்டும் நிரல் என்று ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டினால் உறங்குவது எங்ஙனம்? தட்டிய மாத்திரத்தில் இன்றைய பிராஸஸர் எழுந்து, உச்ச வேகத்தில் வேலையை முடித்துவிட்டு மறுபடி படுக்கும். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் உறங்கலாம் என்பது அதன் சித்தாந்தம். ஆனால் அந்த ஒரு விநாடிக்குள் சில்லின் உஷ்ணம் இருபது முப்பது டிகிரி தாவிவிடக் கூடும். பதற்றக்காரப் பங்காக்காரன் அந்தத் தாவலைப் பார்த்தவுடனே கயிற்றை இழுக்கிறான்; நிதானமுள்ளவன் சில விநாடி பொறுத்துச் சராசரியைப் பார்க்கிறான். யந்திரத்துக்கு யந்திரம் சப்தம் வேறுபடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கேமிங் மடிக்கணினியில் இதற்கு மேலும் ஒரு சங்கடம். இதில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் உண்டு. ஒன்று பிராஸஸருடன் ஒட்டிப் பிறந்த சிறியது. மற்றொன்று தனியான பெரியது. சாதாரண வேலைகளைச் சிறியதிடம் ஒப்படைத்துவிட்டுப் பெரியதைத் தூங்கப் பண்ணும் 'ஆப்டிமஸ்' என்ற ஏற்பாட்டை 2010-இல் என்விடியா கொண்டு வந்தது. பெரியது தூங்கினால் வீட்டில் அமைதி. ஏதேனும் ஒரு காரணத்தால் அது விழித்துக் கொண்டிருந்தாலோ, ஒரு வேலையும் செய்யாமலே பத்து வாட் அளவில் உண்டு கொண்டிருக்கும். பிராஸஸர் சும்மா இருக்கும் போது உண்பதைக் காட்டிலும் இது அநேகமாக அதிகம்.

இரவு 2 மணி

இவ்வளவையும் கேட்ட நண்பர், "எல்லாம் சரி. ஆனால் தினம் இரவு 2 மணிக்கு மட்டும் ஏன்? நான் மௌஸைத் தொட்டதும் ஏன் அடங்குகிறது?" என்றார். வழக்கின் உயிர்நிலை இதுதான்.

அன்றிரவு நாம் அங்கேயே தங்கினோம். யந்திரம் பீரோவிலிருந்து விடுதலை பெற்றுப் பெண்ணின் மேஜைக்குத் திரும்பியது. பெண்ணை மட்டும் பாட்டியம்மாளின் அறையில் படுக்கச் சொல்லிவிட்டோம். நானாவித சந்தேகங்களுக்கும் இடமின்றி, நண்பரும் நாமும் இருளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொசுக்களுக்கு விருந்தளித்துக் கொண்டு காத்திருந்தோம். பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது. மேஜை மீது நிசப்தம். இரண்டு அடித்துச் சில நிமிஷங்கள் ஆயின. 'உஸ்ஸ்' என்று ஆரம்பித்தது ஐயா, விசிறி!

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் நண்பரைப் பார்த்தோம். பெண் பக்கத்து அறையில் பாட்டியம்மாளின் குறட்டைக்கு நடுவே தூங்கிக் கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். விண்டோஸ் என்னும் நிர்வாக நிரலில், வீட்டைப் பெருக்கி மெழுகுவது போன்ற பராமரிப்பு வேலைகள் சில உண்டு. கோப்புகளை ஒழுங்கு செய்தல், கிருமி தேடுதல், புதுப்பித்தல் முதலியவை அவை. எஜமானர் வேலை செய்யும் போது இடைஞ்சல் கூடாது என்பதற்காக, அவர் இல்லாத வேளையாகப் பார்த்து இவற்றை நடத்தும்படி ஏற்பாடு. அதற்கு இயல்பாகக் குறித்திருக்கும் நேரம் இரவு 2 மணி! யந்திரம் விழித்திருக்க வேண்டும், சுவர் மின்சாரத்தில் இணைந்திருக்க வேண்டும், யாரும் அதைத் தொடாதிருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினால் வேலை ஆரம்பமாகும். யாராவது மௌஸை அசைத்தால், எஜமானர் வந்து விட்டார் என்று எண்ணி, வேலையை அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கிக் கொள்ளும். உஷ்ணம் தணியும், விசிறியும் அடங்கும்.

பெண்ணின் யந்திரம் இரவில் ஏன் விழித்திருந்தது? கட்டிடத்தின் வர்ணப் படம் ஒன்றைத் தயாரிக்க யந்திரத்துக்கு ஆறு மணி நேரம் பிடித்ததாம். நடுவில் தூங்கிவிடக் கூடாதென்று அதன் தூக்க ஏற்பாட்டை அவள் நிறுத்தி வைத்தாள். படம் முடிந்த பிறகு அதை மறுபடி அமைக்க மறந்து போனாள். அவளுடைய குற்றம் முழுவதும் இவ்வளவே.

நேயர்களே, சாட்சியின் வாக்குமூலத்தை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். அந்தச் சப்தம், பெண் விழித்திருந்தாள் என்பதற்கு அத்தாட்சி அன்று. யந்திரத்தை யாரும் தொடவில்லை என்பதற்கே அத்தாட்சி! விசிறி அவளுக்காகத்தான் சாட்சி சொல்லிக் கொண்டிருந்தது. நண்பர் அதை எதிர்க் கட்சிச் சாட்சியாக எண்ணிவிட்டார்.

பகல் சப்தம்

இரவு ரகசியம் வெளியாயிற்று. பகலிலும் விசிறி ஓயாமல் மெல்ல ஓடிக் கொண்டிருந்ததற்குக் காரணம் தேடினோம். ஒன்றுக்கு மூன்றாக அகப்பட்டன.

முதலாவது, வரைபடம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பெண் வேறொரு திரையைக் கம்பி மூலம் இணைத்திருந்தாள். பல கேமிங் மடிக்கணினிகளில் அந்தக் கம்பி செருகும் துவாரம் நேரே பெரிய கிராபிக்ஸ் சில்லுடன் சேர்ந்தது. திரை இணைந்திருக்கும் வரையில் அந்தச் சில்லுக்குத் தூக்கம் கிடையாது. கம்பியைப் பிடுங்கினோம், சிறிது நேரத்தில் விசிறி இறங்கிற்று.

இரண்டாவது, யந்திரம் 'முழுவேக' ஏற்பாட்டில் இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோஸாப்ட், தோஷிபா ஆகிய மூன்று கம்பெனியார் வெளியிட்ட 'ஏ.ஸி.பி.ஐ.' என்னும் விதித் தொகுதியிலேயே, உஷ்ணத்தைத் தணிக்க இரண்டு மார்க்கங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று, விசிறியைச் சுழற்றுவது. மற்றொன்று, வேலையின் வேகத்தைக் குறைப்பது. முதலாவதில் சப்தம் உண்டு, வேகம் குறையாது. இரண்டாவதில் வேகம் குறையும், சப்தம் இராது. இன்றைய யந்திரங்களில் மௌனம், நடுநிலை, முழுவேகம் என்று மூன்று ஏற்பாடுகள் பெரும்பாலும் உண்டு. பாடம் படிக்கும் போது மௌனமும், படம் தயாரிக்கும் போது முழுவேகமும் வைத்துக் கொள்வதில் எந்தத் தோஷமும் இல்லை.

மூன்றாவது காரணம் சென்னையின் மே மாதம். விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை. அறையில் உள்ள காற்றையே எடுத்து வீசுகிறது. 22 டிகிரி உள்ள அறையில் 45 டிகிரியில் நிற்கும் சில்லு, அதே வேலைக்கு, அதே விசிறி வேகத்தில், 35 டிகிரி உள்ள அறையில் ஏறக்குறைய 58 டிகிரியில் நிற்கும். 48-க்கு இறங்கினால்தான் நிறுத்துவேன் என்று விரதம் பூண்ட பங்காக்காரன், இந்த ஊர் மே மாதத்தில் கயிற்றை எப்போது விடப் போகிறான்? குளிர் தேசத்து அறையை மனத்தில் வைத்து எழுதிய அட்டவணை, அக்கினி நட்சத்திரத்தில் ஓயாத சப்தமாக முடிகிறது. யந்திரத்தை மெத்தை மீது வைத்து அடித்துவாரங்களை அடைத்தாலோ, பங்காக்காரன் பாடு இன்னும் திண்டாட்டந்தான். தட்டையான மேஜையும், பின்புறம் சிறிது உயரம் கொடுக்க ஒரு கட்டையும், செலவில்லாத சிகிச்சை.

எது மெய்யான நோய்?

இப்படிச் சொல்வதால் விசிறிக்கு நோயே வராது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காற்றின் இரைச்சல் வேறு. கரகரவென்று உராயும் ஒலியும் 'டிக் டிக்' என்ற தட்டலும் வேறு. பின்னவை, அச்சு தேய்ந்ததற்கோ இலைகளில் ஏதோ இடிப்பதற்கோ அடையாளம். யந்திரம் கையைச் சுடுகிறது, விசிறியோ அசையவில்லை என்றால், உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். வாங்கிய புதிதில் அமைதியாயிருந்து, இரண்டு மூன்று வருஷங்களில் அதே வேலைக்கு அதிக இரைச்சல் போடுமானால், தகடுகளில் தூசி அடைந்திருக்கலாம். சில்லுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள உஷ்ணப் பசை உலர்ந்திருக்கலாம். இவை இரண்டும் சுத்தம் செய்து சரியாக்கக் கூடியவை.

விசிறியின் சப்தம் கேட்கச் சகிக்கவில்லை என்று அதை அடியோடு நிறுத்திவைக்கும் நிரல்களைத் தேடி ஓடுவதும் புத்திசாலித்தனம் அன்று. பிராஸஸர் சுமார் 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொண்டு உயிர் தப்பும் என்பது மெய்யே. ஆனால் பக்கத்தில் உள்ள பாட்டரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நீடித்த உஷ்ணம் அதன் ஆயுளைக் குறைத்துவிடும். விசிறியே இல்லாத மடிக்கணினிகளும் உண்டு. 2020-இல் ஆப்பிள் கம்பெனியார் 'எம்-1' சில்லுடன் வெளியிட்ட மாக்புக் ஏர் அத்தகையது. ஆனால் அதன் சில்லு குறைந்த மின்சாரத்தில் வாழக் கற்றது. நூற்றுக்கணக்கான வாட் சாப்பிடும் பெருந்தீனிக்காரனுக்கு அந்தப் பத்தியம் ஒவ்வாது.

தீர்ப்பு

நண்பர் மறு நாள் காலை வெகு நேரம் பத்திரிகையை விரித்து வைத்துக் கொண்டிருந்தார். பக்கம் புரளவில்லை. பிறகு பீரோச் சாவியை எடுத்துக் கொண்டு போய்ப் பெண்ணின் மேஜை மீது வைத்துவிட்டு, "காபி சாப்பிட்டாயா, குழந்தை?" என்று கேட்டார். தகப்பனார்களின் பாஷையில் மன்னிப்புக் கேட்டுக் கொள்வது என்பது இதுதான். பெண்ணுக்கும் அந்தப் பாஷை தெரிந்திருந்தது. "சாப்பிட்டேன், அப்பா" என்று சொல்லிவிட்டு யந்திரத்தைத் திறந்தாள். வரைபடங்கள் குறித்த நாளில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. ரூ. 6,500 பாங்கிக் கணக்கிலேயே சௌக்கியமாக இருக்கிறது.

நமது வீடுகளில் இப்போது பேசாத யந்திரம் அபூர்வம். ஒன்று உறுமுகிறது, ஒன்று கீச்சிடுகிறது, ஒன்று கண் சிமிட்டுகிறது. அவை சொல்வது இன்னதென்று விசாரித்துத் தெரிந்து கொள்ளச் சில மணி நேரம் பிடிக்கலாம். தெரிந்து கொள்ளாமல் தீர்ப்பு எழுத ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துத் தீர்ப்புக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகளே என்பதை மறந்து விடலாகாது.

சென்ற வாரம் நண்பரைச் சந்தித்தோம். யந்திரம் இப்போது இரவில் ஒழுங்காகத் தூங்குகிறதாம், சப்தமே இல்லையாம்.

"நீங்களும் நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் அல்லவா?" என்று கேட்டோம்.

"எங்கே, ஸார்! சரியாக 2 மணிக்கு விழிப்புக் கொடுத்து விடுகிறது. ஏன் சப்தம் வரவில்லை என்று எழுந்து போய்ப் பார்த்து விட்டு வருகிறேன்" என்றார்.